பள்ளிக் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா? நான்கு வகை ஆய்வுகளில் எதைக் கேட்பது

"எங்கள் பள்ளிக்குப் பொதுப்பணித் துறை உறுதிச் சான்று கொடுத்துவிட்டது. அப்படியென்றால் நிலநடுக்கம் வந்தாலும் பயமில்லைதானே?"

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களும் தலைமையாசிரியர்களும் கேட்கும் கேள்வி இது. அப்படிச் சொல்ல முடியாது. அந்தச் சான்று நிலநடுக்கத்தை மனத்தில் வைத்துக் கொடுக்கப்படுவதே இல்லை. உடனே அடுத்த கேள்வி வரும்: "சரி, அப்புறம் எந்த ஆய்வைக் கேட்பது?" இன்று நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. விலையிலும் ஆழத்திலும் நான்குக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. விலை கூடியதுதான் சிறந்தது என்று நினைத்தால், ஒற்றைத் தளச் செங்கல் கட்டடத்துக்குக் கணினி மாதிரி போட்டுவிட்டு, சுவரைக் கட்டிப்பிடிக்க வேண்டிய கம்பிக்குக் காசில்லாமல் நிற்போம்.

## தமிழ்நாட்டுக்கு இது தேவையா?

தேவைதான், ஆனால் பதற்றம் வேண்டாம். 1900 பிப்ரவரி 8ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பகுதியை ஏறத்தாழ 6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நடுக்கம் (சுமார் 5.5) சென்னையில் மக்களை வீதிக்கு வரவழைத்தது. அடுத்த ஆண்டே இந்தியத் தர நிர்ணய அமைப்பு தன் நிலநடுக்க நெறிமுறையைத் திருத்தியபோது, சென்னை 2ஆம் மண்டலத்திலிருந்து 3ஆம் மண்டலத்துக்கு ஏறியது. ஐ.எஸ். 1893 என்ற அந்த நெறிமுறையின் 2016 பதிப்பில் சென்னை, கோவை, சேலம், வேலூர் 3ஆம் மண்டலத்திலும், மதுரை, திருச்சி 2ஆம் மண்டலத்திலும் வருகின்றன. கணக்கில் பயன்படும் மண்டலக் காரணி 3ஆம் மண்டலத்துக்கு 0.16, 2ஆம் மண்டலத்துக்கு 0.10. வடகிழக்கு மாநிலங்களும் கட்ச் பகுதியும் வரும் 5ஆம் மண்டலத்துக்கு 0.36. அதே நெறிமுறை, பள்ளிகளுக்கு 1.5 என்ற முக்கியத்துவக் காரணியையும் வைத்திருக்கிறது. சாதாரணக் கட்டடத்தைவிட ஒன்றரை மடங்கு விசைக்குப் பள்ளியை வடிவமைக்க வேண்டும் என்று பொருள்.

மதுரைக்காரர்களும் திருச்சிக்காரர்களும் இதோடு விட்டுவிட வேண்டாம். 1993 செப்டம்பர் 30இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரி நிலநடுக்கத்தில் அழிந்தபோது, அந்த ஊர் அன்றைய வரைபடத்தின் மிகக் குறைந்த ஆபத்து மண்டலத்தில்தான் இருந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதலாவது, அந்த ஆய்வு எந்த விசையைப் பற்றிப் பேசுகிறது. கட்டடத்தின் சொந்தப் பாரமும் மாணவர்களின் பாரமும் கீழ்நோக்கி அழுத்துபவை. நிலநடுக்கம் பக்கவாட்டில் தள்ளுகிறது. நான்கு கால் ஆடும் மேசையின்மேல் ஒரு மூட்டை அரிசியை வைக்கலாம், நிற்கும். பக்கத்திலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் மூட்டையோடு சாயும்.

இரண்டாவது, செலவு. டெண்டரில் எழுதும் தொகையைவிட எழுதாத செலவுகளையே நான் அதிகம் பார்ப்பேன்: வகுப்பறை மூடிக் கிடக்கும் நாள்கள், உடைத்த பூச்சைத் திரும்பப் பூசுவது, கிடைக்காத வரைபடத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவது.

மூன்றாவது, ஆய்வு தவறினால் எந்தப் பக்கம் தவறும்? நல்ல கட்டடத்தை மோசம் என்று சொன்னால் பணம் போகும். மோசமானதை நல்லது என்று சொன்னால் என்ன போகும் என்று எழுத வேண்டியதில்லை.

நான்காவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். முடிவு கையில் கிடைத்த மறுநாள் என்ன செய்ய முடியும்? எதுவும் மாறாது என்றால் அந்த ஆய்வு எதற்கு?

## 1. உறுதிச் சான்று

பொறியாளர் வருகிறார். கூரை தொய்ந்திருக்கிறதா, கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் கையெழுத்திடுகிறார். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் வேலை வேகமெடுத்தது. அந்த மரணங்களுக்கு நிலநடுக்கம் தேவைப்படவில்லை. ஆகவே மழைக்காலத்துக்கு முந்தைய இந்தப் பார்வையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எந்த ஆய்வு செய்தாலும் இதை நிறுத்தக் கூடாது.

ஆனால் இது கேட்பது கட்டடம் இன்றைய பாரத்தைத் தாங்கி நிற்கிறதா என்பதை மட்டுமே. ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் ஓதம் பிடித்து அழுக்காக இருப்பதால் தோற்றுப்போகும். பக்கத்திலேயே, கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் வெறும் தூண்கள்மேல் நிற்கும் மூன்று மாடிக் கட்டடம், புது வண்ணப்பூச்சோடு சான்று வாங்கிவிடும். நிலம் ஆடினால் எனக்குப் பயம் இரண்டாவதன்மேல்தான். சான்று தருகிற மன நிம்மதியே இதன் மறைமுகச் செலவு. அலமாரியில் ஒரு காகிதம் இருப்பதால், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

## 2. விரைவுப் பார்வை ஆய்வு

அமெரிக்காவில் 1988இல் ஃபெமா (பேரிடர் மேலாண்மை அமைப்பு) 154 என்ற கையேடாக வெளிவந்த முறை இது. இந்தியக் கட்டட வகைகளுக்கு ஏற்ப நம் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இதை மாற்றித் தந்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் படிவத்தோடு கட்டடத்தைச் சுற்றி வருவார். அரை மணி நேரம் போதும். கட்டட வகைக்கு ஓர் அடிப்படை மதிப்பெண். மேல்தளம் கீழ்த்தளத்தைவிடப் பாரமாக இருந்தால், ‘எல்’ வடிவமாக இருந்தால், மண் இளகியதாக இருந்தால் கழித்துக்கொண்டே போவார். மூலக் கையேட்டின்படி கடைசியில் 2 என்று வந்தால், அந்த இடத்துக்குக் கருதப்படும் மிகப் பெரிய நடுக்கத்தில் இடிந்து விழும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. அதற்குக் கீழே வந்தால் அடுத்த கட்ட ஆய்வு.

ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் இருக்க, எங்கே தொடங்குவது என்று திகைக்கும் அதிகாரிக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் தனியாக ஒரு பள்ளிக்கு இதை மட்டும் செய்துவிட்டு "பாஸ்" என்று எழுதினால் முறையைத் தவறாகப் பயன்படுத்துகிறோம். வரிசைப்படுத்தத்தான் இது பிறந்தது; தீர்ப்புச் சொல்ல அல்ல.

எங்கே சறுக்கும் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத வரலாற்றில். படிவத்தில் "கட்டிய ஆண்டு" என்று ஒரே கட்டம் இருக்கும். தரைத்தளம் ஓர் ஆண்டு, மாடி பதினைந்து ஆண்டு கழித்து வேறொரு திட்டத்தின் நிதியில், நடுவில் மேல்தளத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. நம் ஊர்ப் பள்ளிகள் இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. எந்த ஆண்டை எழுதுவது? இத்தாலியின் சான் ஜூலியானோ தி பூலியாவில் 2002 அக்டோபர் 31 அன்று இடிந்த பள்ளியில் 27 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். பழைய கட்டடத்தின்மேல் பின்னாளில் ஒரு தளம் ஏற்றப்பட்டிருந்தது. அன்றைய நடுக்கம் 6ஐத் தொடவில்லை. அதாவது, ஏறத்தாழ கோவை 1900இல் பார்த்த அளவுதான்.

ஆகவே இந்த ஆய்வுக்கு ஆள் வரும்போது பள்ளியிலேயே அதிக நாள் வேலைசெய்த ஒருவரை, ஓய்வுபெற்ற ஆசிரியரானாலும் சரி, பக்கத்தில் நிறுத்துங்கள். எந்தச் சுவர் எப்போது வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். செலவு ஒரு டீ.

## 3. முதல்நிலைக் கணக்கீடு

இங்கே டேப்பும் கால்குலேட்டரும் வருகின்றன. கான்கிரீட் தூண்-உத்திரக் கட்டடங்களுக்கு ஐ.எஸ். 15988 (2013), செங்கல், கல் கட்டடங்களுக்கு ஐ.எஸ். 13935 (2009) வழிகாட்டுகின்றன. தூண்களின் குறுக்களவை எல்லாம் கூட்டி, பக்கவாட்டு விசையைப் பங்கிட்டு, ஒவ்வொரு தூணும் எவ்வளவு வெட்டு விசையை (தூணைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) தாங்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சுவர்க் கட்டடமானால் இரு திசையிலும் எவ்வளவு சுவர் இருக்கிறது, ஜன்னலும் கதவும் எவ்வளவைத் தின்றிருக்கின்றன, லிண்டல் மட்டத்தில் (கதவு, ஜன்னலுக்கு நேர் மேலே) கான்கிரீட் பட்டை சுவர் முழுக்க ஓடுகிறதா அல்லது ஜன்னல் மேலே மட்டும் துண்டு துண்டாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

நம் பள்ளிகளுக்கு இந்தப் படிதான் அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து. காரணம் பள்ளிக் கட்டடத்தின் வடிவம். வகுப்பறைகள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கும். வகுப்புகளுக்கு இடையே குறுக்குச் சுவர் உண்டு. ஆகவே குறுக்கு வாட்டில் பலம். நீளவாட்டில் ஒரு பக்கம் வராந்தா, மறுபக்கம் வரிசை ஜன்னல். அந்தத் திசையில் விசையைத் தாங்கச் சுவரே இருக்காது. கான்கிரீட் கட்டடமானால் இன்னொரு வம்பு: தூண்களுக்கு இடையே ஜன்னல் மட்டம் வரை பாதிச் சுவர் கட்டியிருப்பார்கள். தூணின் கீழ்ப்பாதியைச் சுவர் பிடித்துக்கொள்வதால், ஆட்டம் முழுவதும் மேலே மிஞ்சியிருக்கும் குட்டைத் துண்டில் குவியும். நிலநடுக்கம் கண்ட நாடு ஒவ்வொன்றிலும் பள்ளித் தூண்கள் அந்த இடத்தில் குறுக்கே ‘எக்ஸ்’ போல வெடித்திருக்கின்றன. பொறியாளர் இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். தூணுக்கும் பாதிச் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு நெகிழ்வான பொருளால் நிரப்புவது, பல இடங்களில் பெரிய செலவில்லாத தீர்வு.

ஜப்பானின் பள்ளி ஆய்வும் இப்படிப் படிப்படியானதுதான். முதல் படியில் சுவர், தூண் பரப்பளவுகளை வைத்துக் கணக்கு. அதற்குமேல் தேவைப்பட்டால் இரண்டாம், மூன்றாம் படிகள். நிலநடுக்கத் தாங்குதிறனைக் காட்டும் குறியீடு பொதுவாக 0.6 போதும் என்ற இடத்தில் பள்ளிகளுக்கு 0.7 கேட்கிறார்கள். அங்கே பொதுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்களில் நிலநடுக்கத் தகுதி பெற்றவை 2002இல் 44.5 சதவீதம், 2015இல் 95.6 சதவீதம். ஆய்வோடு வலுப்படுத்தும் நிதியும் சேர்ந்தே வந்ததால் நடந்தது இது.

இதன் குறை: உள்ளே என்ன கம்பி என்று தெரியாமலே கணக்குப் போடுகிறோம். ஆகவே ஜாக்கிரதையாகப் போடுவார்கள், நல்ல கட்டடமும் சில சமயம் தோற்கும். தவறினாலும் பாதுகாப்பான பக்கம் தவறுகிறது என்பதால் இதை நான் குறையாக எண்ணுவதில்லை. உண்மையான மறைமுகச் செலவு வரைபடம்தான். பழைய அரசுப் பள்ளிகளுக்கு அது கிடைப்பது அரிது. அளந்து புதிதாக வரைய வேண்டும்.

## 4. விரிவான ஆய்வு

கம்பி தேடும் கருவி, ரீபவுண்ட் சுத்தியல் (கான்கிரீட்டில் தட்டி, எவ்வளவு எகிறுகிறது என்று பார்த்து வலிமையைக் கணிப்பது), மீயொலிச் சோதனை, கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் கோர், மண் சோதனை, பிறகு கணினியில் கட்டடத்தின் முழு மாதிரி. கோவையிலோ சென்னையிலோ உள்ள பொறியியல் கல்லூரிகள், தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் போன்றவை இந்த வகை வேலைக்கு ஆள்பலமும் கருவியும் உள்ள இடங்கள்.

அறிக்கை தடிமனாக வரும், வண்ணப் படங்களோடு. அதன் தரம் முழுக்க உள்ளே போன எண்களைப் பொறுத்தது. ரீபவுண்ட் சுத்தியல் காட்டும் வலிமை 25 சதவீதம் மேலோ கீழோ போகலாம் என்று இந்தியத் தர நெறிமுறையே சொல்கிறது. பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகிப்போவதால் சுத்தியல் அதிகமாகவே காட்டும். ஆகவே கோர் எடுக்காத அறிக்கையை நான் நம்ப மாட்டேன், ஐ.எஸ். 456 கோர் சோதனைக்கு மூன்று மாதிரிகளுக்குக் குறையக் கூடாது என்கிறது. இன்னொன்று: தூணைச் சுற்றும் ரிங் கம்பியின் முனை உள்ளே 135 பாகை மடித்திருக்கிறதா, 90 பாகையோடு நிறுத்தியிருக்கிறதா என்பதில்தான் நிலநடுக்கத்தில் தூணின் உயிர் இருக்கிறது. எந்தக் கருவியும் அதைக் காட்டாது. ஒரு தூணில் மேல்பூச்சை உடைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மறைமுகச் செலவுகள் இதில்தான் அதிகம். கோர் துளைகளை அடைப்பது யார் என்பதில் தகராறு வரும். தூசி, சத்தம், வேலையை மே மாதத்துக்குத் தள்ள வேண்டும். டெண்டர் முதல் அறிக்கை வரை ஒரு கல்வியாண்டு ஓடிவிடலாம். அப்புறம், யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று: "பாதுகாப்பற்றது" என்று எழுத்தில் வந்த நாளிலிருந்து தலைமையாசிரியரின் தூக்கம் போகும். நிதி வர ஆண்டுகள் ஆகலாம், அதுவரை பிள்ளைகள் அங்கேதான் உட்கார வேண்டும். ஆய்வைக் கேட்கும்போதே மாற்று வகுப்பறைக்கு வழி என்ன என்றும் கேட்டுவிடுவது நல்லது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உறுதிச் சான்று | விரைவுப் பார்வை | முதல்நிலைக் கணக்கீடு | விரிவான ஆய்வு |
|---|---|---|---|---|
| பக்கவாட்டு விசையைப் பார்க்கிறதா | இல்லை | தோராயமாக | ஆம், எளிய கணக்கில் | ஆம், முழுமையாக |
| நேரம் | ஒரு வருகை | அரை மணி | ஓரிரு நாள் அளவெடுப்பு, பிறகு கணக்கு | பல மாதம் |
| யார் | துறைப் பொறியாளர் | பயிற்சி பெற்ற பொறியாளர், மாணவர் | கட்டமைப்புப் பொறியாளர் | கல்லூரி, ஆய்வு நிறுவனம் |
| எழுதாத செலவு | பொய்யான நிம்மதி | மறைந்த வரலாறு தப்பிவிடும் | வரைபடம் வரைதல் | வகுப்பு மூடல், பூச்சு வேலை, காத்திருப்பு |
| தவறினால் | "நல்லது" என்ற பக்கம் | இரு பக்கமும் | பெரும்பாலும் "மோசம்" என்ற பக்கம் | உள்ளீட்டைப் பொறுத்து |
| எதற்குப் பொருத்தம் | மழை, முதுமை, சிதைவு | பல பள்ளிகளை வரிசைப்படுத்த | ஒரு பள்ளியின் முடிவுக்கு | பெரிய, சிக்கலான கட்டடம் |

## உங்கள் கட்டடம் எந்த வகை?

ஒற்றைத் தளம், செங்கல் சுவர், ஓடு அல்லது கான்கிரீட் கூரை. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை இதுதான். விரிவான ஆய்வு வேண்டவே வேண்டாம். இந்த வகைக்கு என்ன குறை என்று ஏற்கெனவே தெரியும்: மூலைகள் பிணைக்கப்படவில்லை, பட்டை தொடர்ச்சியாக இல்லை, ஓட்டுக் கூரையானால் அது சுவரோடு சேர்ந்து நிற்காது. முதல்நிலைப் பட்டியலை ஓட்டிவிட்டு, ஆய்வுக்கென ஒதுக்கிய பணத்தை வேலையிலேயே போடுங்கள். சுவரின் இரு பக்கமும் கம்பி வலை வைத்துச் சிமெண்டுக் கலவைப் பட்டை பூசுவதை உள்ளூர்க் கொத்தனார், மேற்பார்வை இருந்தால், செய்துவிடுவார். நேபாளத்தில் இப்படி முன்கூட்டியே வலுப்படுத்திய காத்மாண்டுப் பள்ளிகள் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் நின்றன.

இங்கே அரசுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. ஒரே திட்டத்தில் வந்த இரண்டு வகுப்பறைக் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வரைபடத்தில் கட்டப்பட்டவை. மாதிரி ஒன்றுக்கு ஒருமுறை ஆழமாக ஆய்வு செய்து, கட்டுமானத் தரத்தை மட்டும் சில ஊர்களில் சரிபார்த்தால், தீர்வு எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே மனுப் போட்டு அலைவதைவிட, ஒன்றியத்தில் உள்ள மேலாண்மைக் குழுக்கள் சேர்ந்து கேட்பது புத்திசாலித்தனம்.

இரண்டு, மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடம். நகர மேல்நிலைப் பள்ளிகள். விரைவுப் பார்வையோடு நிறுத்தக் கூடாது. முதல்நிலைக் கணக்கீடு கட்டாயம். கம்பி விவரத்துக்கான தனி நெறிமுறை ஐ.எஸ். 13920 வந்ததே 1993இல். அதற்கு முந்தைய கட்டடம், பின்னால் மாடி ஏறிய கட்டடம், கீழ்த்தளம் திறந்த மண்டபமாக உள்ள கட்டடம் ஆகியவை 3ஆம் மண்டலத்தில் இருந்தால், கணக்கில் தோற்றதும் விரிவான ஆய்வுக்குப் போகலாம். செலவு நியாயமானதே, ஏனென்றால் இங்கே வலுப்படுத்துவதா, இடித்துக் கட்டுவதா என்ற பெரிய முடிவு காத்திருக்கிறது.

நூறாண்டு பழைய, கனத்த சுவரும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் (மர உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும்) உள்ளவை. வழக்கமான படிவங்கள் இதற்குச் சரிவராது. பாரம்பரியக் கட்டடம் தெரிந்த பொறியாளரைத் தேடுங்கள்.

ஏற்கெனவே இடிக்கத் தீர்மானித்தவை. எந்த ஆய்வும் வேண்டாம். பிள்ளைகளை வெளியேற்றுங்கள்.

## நான்கு ஆய்விலும் நழுவக்கூடியவை

2018 ஜூன் 18 காலை ஜப்பானின் ஒசாகா பகுதியில் நடுக்கம். தகட்சுகி நகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் நீச்சல்குளத்தை ஒட்டிய பிளாக் சுவர் தெருப்பக்கம் சரிந்து ஒன்பது வயதுச் சிறுமி இறந்தாள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே ஒரு நிபுணர் எச்சரித்திருந்தார். அலுவலகப் பணியாளர்கள் பார்த்து, தட்டிப் பார்த்து, ஆபத்தில்லை என்று முடிவுசெய்திருந்தார்கள். பள்ளிக் கட்டடங்களுக்கு அவ்வளவு செய்த நாட்டில் நடந்தது இது.

குஜராத்தின் அஞ்சாரில் 2001 ஜனவரி 26 காலை நிலநடுக்கத்தின்போது, குடியரசு தின ஊர்வலம் போன 185 குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் இறந்தது குறுகிய தெருவில், இருபுறக் கட்டடங்களும் சரிந்ததால். பள்ளிக்கு வெளியே எந்த வழியாகப் பிள்ளைகள் ஓடுவார்கள் என்பதும் மதிப்பீட்டில் சேர வேண்டும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் சுற்றுச்சுவர், மாடிக் கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, மேல்நிலைத் தொட்டி, கழிப்பறைச் சுவர், சுவரில் அடிக்காத அலமாரி, வெளியேறும் பாதை ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

## மனுவில் என்ன எழுதுவது

"கட்டடத்தை ஆய்வு செய்ய வேண்டுகிறோம்" என்று பொதுவாக எழுதினால் மறுபடியும் உறுதிச் சான்றுதான் வரும். "கான்கிரீட் கட்டடத்துக்கு ஐ.எஸ். 15988இன்படி முதல்நிலை மதிப்பீடு" அல்லது "செங்கல் கட்டடத்துக்கு ஐ.எஸ். 13935இன்படி மதிப்பீடு" என்று எண்ணைப் போட்டுக் கேளுங்கள். கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் எந்த ஆண்டு வந்தது என்ற பட்டியலையும், நான்கு பக்கப் புகைப்படங்களையும் இணையுங்கள். பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட நெறிமுறைப்படி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று, கும்பகோணம் தீ விபத்தைத் தொடர்ந்து வந்த வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கு என்று குறிப்பிடலாம். மேலாண்மைக் குழுத் தீர்மானமாக நிறைவேற்றி, தீர்மான எண்ணோடு, ஊராட்சி ஒன்றியப் பள்ளியானால் ஒன்றியப் பொறியாளருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், மேல்நிலைப் பள்ளியானால் பொதுப்பணித் துறைச் செயற்பொறியாளருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.